1.3-இல் எழுந்த முகடு: எலியின் மூளைக் கட்டியில் லாக்டேட் அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் எம்ஆர்ஐ இயந்திரத்தை இரவில் பயன்படுத்தி, எலிகளின் மூளைக் கட்டிகளில் வேதிப்பொருள்களை அளந்த ஒரு சிறிய குழுவின் அனுபவம் இது. முனைவர் பட்ட மாணவி, அவருடைய மேற்பார்வைப் பேராசிரியர், கால்நடை மருத்துவர், மூத்த ரேடியோகிராஃபர் ஆகிய நால்வரும் இதை எழுத இசைந்தார்கள். நான் மருத்துவ இயற்பியலாளர். முதல் தொகுதி அளவீடுகள் முடிந்த பிறகு, அவற்றைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டேன். சோதிக்கப்பட்ட சேர்மத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அதன் பயனைப் பற்றி இந்தப் பதிவு எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

பின்னணி

ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுச் செல்கள் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டேட்டாக மாற்றுகின்றன என்பதை ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920-களில் காட்டினார். லாக்டேட்டும் அதனுடன் வெளியேறும் அமிலமும் கட்டியின் சுற்றுப்புறத்தையே மாற்றுகின்றன. இயல்பான திசுவில் செல்களுக்கு வெளியே பிஎச் 7.4-ஐ ஒட்டி இருக்கும். கட்டிகளில் அது 6.5 முதல் 6.9 வரை இறங்குவதுண்டு. ஆகவே லாக்டேட் உருவாவதைத் தடுக்கும் ஒரு சேர்மம் வேலை செய்கிறதா என்று அறிய, கட்டிக்குள் லாக்டேட் குறைகிறதா என்று பார்ப்பது நியாயமான வழி.

விலங்கைக் கொன்று கட்டியை அரைத்து அளக்கலாமே என்று கேட்கலாம். உயிர் பிரிந்து இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்தே மூளைத் திசுவில் லாக்டேட் ஏறத் தொடங்கிவிடுகிறது. கத்தி வைத்து எடுப்பதற்குள் அளவு மாறிவிடும். மேலும், ஒரே விலங்கில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டுமானால் அது உயிரோடு இருந்தாக வேண்டும். திசுவை வெட்டாமலேயே அதிலுள்ள வேதிப்பொருள்களின் சமிக்ஞைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் எம்ஆர்ஐ நிறமாலையியல் இங்கேதான் தேவைப்படுகிறது.

இத்துறையில் இன்று அதிகம் பேசப்படுவது மிகைமுனைவாக்கம் செய்த கார்பன்-13 பைருவேட், அதாவது செல்லுக்குள் லாக்டேட்டாக மாறும் பொருள். 2003-இல் வெளியான முறைப்படி, கரைசலில் உள்ள கார்பன் அணுக்கருக்களின் சமிக்ஞையைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்த்தி, உடனே விலங்கின் இரத்தத்தில் செலுத்தி, பைருவேட் லாக்டேட்டாக மாறுவதை நேரடியாகப் பார்க்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் செய்த முதல் சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஆனால் உயர்த்திய சமிக்ஞை ஒரு நிமிட அளவிலேயே கரைந்துவிடும். இயந்திரத்தை ஒட்டியே முனைவாக்கக் கருவி இருக்க வேண்டும். அந்தக் கருவியின் விலை இக்குழுவுக்கு எட்டாதது. அவர்களிடம் இருந்தவை நோயாளிகளுக்கான, 3 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட இயந்திரமும், எலியின் தலைக்குப் பொருந்தும், சமிக்ஞையைப் பிடிக்கும் ஒரு சிறு சுருளும்தான். பகல் நேரப் பட்டியல் முடிந்து கடைசி நோயாளி கிளம்பிய பிறகே இயந்திரம் அவர்கள் கைக்கு வரும்.

ஆகவே சாதாரண ஹைட்ரஜன் நிறமாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எளிதான வேலையல்ல. திசுவில் நீரின் ஹைட்ரஜன், லாக்டேட்டைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். நீரின் சமிக்ஞையை அடக்கிவிட்டு, எஞ்சிய சிறு அலைகளைச் சேகரிக்க வேண்டும். பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் கொண்ட கனசதுரத்தைக் கட்டிக்குள் குறித்து, இரண்டு வினாடிக்கு ஒரு முறை என 256 முறை அளந்து சராசரி எடுத்தார்கள். ஓர் அளவீட்டுக்கு எட்டரை நிமிடம்.

விஸ்டார் வகை எலிகள். மூளையில் சி6 கிளையோமா (ஒரு வகை மூளைக் கட்டி) செல்கள் பதிக்கப்பட்டவை. முதல் தொகுதியில் 12 எலிகள்: ஆறு சேர்மம் பெற்றவை, ஆறு பெறாதவை. மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015 கேட்கும் ஒப்புதல்களும் பல்கலைக்கழக விலங்கு ஒழுங்குக் குழுவின் அனுமதியும் இருந்தன. இரண்டாம் தொகுதிக்கான 12 எலிகள் விலங்குக் கூடத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. செல்கள் இன்னும் பதிக்கப்படவில்லை.

முதல் பார்வையில் தெரிந்தது

லாக்டேட்டின் மெத்தில் குழு நிறமாலையில் 1.33 பிபிஎம் (அதிர்வெண் இடத்தைக் குறிக்கும் அலகு) என்ற இடத்தில் தெரியும். சேர்மம் வேலை செய்தால் அந்த முகடு சுருங்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சேர்மம் பெற்ற ஆறு எலிகளில் நான்கில், ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த முகடு தெளிவாக உயர்ந்திருந்தது. பெறாதவற்றில் பெரிய மாற்றமில்லை.

சேர்மம் பயனற்றது, ஒருவேளை கட்டியை மேலும் ஊக்குவிக்கவும் கூடும் என்று மாணவி தன் வரைவில் எழுதியிருந்தார். ஒரு மாநாட்டுக்கு அனுப்புவதற்கான சுருக்கமும் தயாராகிக்கொண்டிருந்தது. எதிர்மறை முடிவு என்பதற்காக அதை மறைக்கவோ மழுப்பவோ அவர்கள் நினைக்கவில்லை. அது என் மதிப்புக்குரியது. பேராசிரியருக்குள் ஒரு நெருடல் மட்டும் இருந்தது: முகடு உயர்ந்த எலிகளில் கட்டி பெரிதாகவில்லை. அதனால்தான் என்னை அழைத்தார்.

தாளின் வலது ஓரம்

நிறமாலை வரைபடத்தில் எண்கள் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே போகும். மாணவி காட்டிய தாள்களில் 3.2-இல் கோலின், 3.0-இல் கிரியேட்டின், 2.0-இல் நரம்புச் செல்களுக்கே உரிய என்ஏஏ (என்-அசிட்டைல் அஸ்பார்டேட்), பிறகு 1.3-இல் அந்த உயர்ந்த முகடு. அதன் வலது சரிவு இறங்கி முடிவதற்குள் தாளே முடிந்துவிட்டது. மென்பொருளோடு வந்த வார்ப்புருவில் அச்சு 1.0-இல் வெட்டப்பட்டிருந்தது.

அச்சை 0.5 வரை நீட்டி மறுபடி வரையச் சொன்னேன். 0.9 அருகே அகலமான ஒரு தோள் எழுந்து நின்றது. சேர்மம் பெற்ற நான்கு எலிகளிலும் அது இருந்தது. பெறாதவற்றில் மிகச் சிறிதாக இருந்தது.

லாக்டேட்டுக்கு 0.9-இல் எதுவும் கிடையாது. அங்கே தெரிவது கொழுப்பு மூலக்கூறுகளின் நுனியில் உள்ள மெத்தில் குழு. அதே கொழுப்பின் நீண்ட சங்கிலியில் வரிசையாக இருக்கும் மெத்திலீன் குழுக்கள் 1.3-இல் தெரியும், அதாவது லாக்டேட் நிற்கும் அதே இடத்தில். லாக்டேட்டின் சமிக்ஞை 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டையாகப் பிளந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் எலியின் தலைக்குள் காந்தப்புலம் சீராக இல்லாததால் கோடுகளின் அகலம் 15 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. அத்தனை அகலத்தில் இரட்டைப் பிளவு கண்ணுக்குத் தெரியாது.

கொழுப்பு என்றவுடன் மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தோல் கொழுப்பு கலந்துவிட்டது என்று ஒதுக்கிவிடக்கூடாது. கட்டிக்குள் செல்கள் இறக்கும்போது அவற்றுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. 1999-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் எலிகளின் கிளையோமாவுக்கு மரபணுச் சிகிச்சை அளித்தபோது, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் கட்டத்தில் நிறைவுறாக் கொழுப்புகளின் சமிக்ஞை ஏறுவதை இதே வகை நிறமாலையில் பதிவு செய்தார்கள். அப்படியானால் 1.3-இன் உயர்வு, சேர்மம் தோற்றதைக் காட்டாமல் செல்கள் மடிவதைக் காட்டக்கூடும். ஒரே முகடு, நேரெதிரான இரண்டு பொருள்கள். எதையும் அனுப்புவதற்கு முன் இதைத் தீர்த்தாக வேண்டும் என்று பேராசிரியரிடம் அன்றே சொன்னேன்.

ரேடியோகிராஃபரின் குறிப்பேடு

அதே வாரத்தில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. ரேடியோகிராஃபர் ஒவ்வொரு எலியின் ஆசனவாய் வெப்பநிலையையும், மயக்கம் தொடங்கிய நேரத்தையும், எடுத்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். யாரும் கேட்டு எழுதியதல்ல. நோயாளிகளுக்குச் செய்து பழகிய கை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாணவியிடம் சொன்னார்: “தங்கச்சி, மருந்து குடித்த எலிகள் எல்லாம் எப்போதும் கடைசியில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் மெத்தைத் தண்ணீர் ஆறிவிடுகிறது.”

“அண்ணே, கூடுகளை அடுக்கிய வரிசைப்படிதான் எடுத்தேன்” என்றார் மாணவி. மேல் தட்டில் இருந்தவை மருந்து பெறாத எலிகள். அவை முதலில் இயந்திரத்துக்குள் போயின, மற்றவை பின்னர்.

எம்ஆர்ஐ அறையின் குளிர் எலிக்குக் கடுமையானது. மயக்கத்தில் இருக்கும் எலியால் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. வெந்நீர் ஓடும் மெத்தைதான் அதற்குத் துணை. குறிப்பேட்டின்படி முதல் எலிகள் 37 டிகிரியை ஒட்டி இருந்தன. கடைசியில் எடுக்கப்பட்டவை 34-க்கு இறங்கியிருந்தன. இதை நிறமாலையைக் கொண்டே சரிபார்க்கவும் வழி இருந்தது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நீரின் முகடு ஏறத்தாழ 0.01 பிபிஎம் இடம்பெயரும். கோலின், கிரியேட்டின் அப்படி நகர்வதில்லை. 3 டெஸ்லாவில் மூன்று டிகிரிக்கு அது ஏறக்குறைய 4 ஹெர்ட்ஸ். நீரை அடக்காமல் எடுத்த குறிப்பு அளவீடுகளைத் திறந்து கணக்கிட்டோம். குறிப்பேட்டோடு பொருந்தியது.

கடைசி எலிகளுக்குக் காந்தப்புலத்தைச் சீர்செய்ய அதிக நேரம் பிடித்திருந்ததால், அவை ஐசோஃப்ளூரேன் மயக்கத்திலும் கூடுதல் நேரம் இருந்தன. ஐசோஃப்ளூரேன் எலிகளின் மூளையில் லாக்டேட்டை உயர்த்தும் என்பது தெரிந்த செய்தி. ஆக, இரண்டு குழுக்களுக்கும் இடையே சேர்மம் மட்டுமே வேறுபாடு என்று சொல்ல முடியாத நிலை. குளிர், மயக்க நேரம் இரண்டும் ஒரே குழுவின் பக்கமே சாய்ந்திருந்தன.

எடுத்த முடிவுகள்

நால்வரும் நானும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினோம். முதல் முடிவு, இரண்டாம் தொகுதிக்குச் செல்களைப் பதிப்பதை நிறுத்திவைப்பது. மானியத்தின் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால் பேராசிரியருக்கு இது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அளவீட்டின் பொருளே தெரியாத நிலையில் இன்னும் 12 விலங்குகளுக்குக் கட்டி உண்டாக்குவது சரியல்ல என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது மறுபேச்சு எழவில்லை. விலங்குகளுக்கு மாற்று தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது என்று விலங்காய்வுக்கு ரசலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளில் இரண்டாவது, நடைமுறையில் இப்படித்தான் வந்து நிற்கிறது.

இரண்டாவது, மாநாட்டுச் சுருக்கத்தை அனுப்பாமல் இருப்பது. மூன்றாவது, எலிகளைத் தொடுவதற்கு முன் புட்டிகளில் சோதிப்பது. உயிருள்ள எலிகளில் மீண்டும் அளக்க வேண்டியிருந்தால், அதற்கு ஒழுங்குக் குழுவிடம் திருத்தம் கேட்பது நான்காவது.

லாக்டேட்டையும் கொழுப்பையும் பிரிக்கப் பாடநூல் சொல்லும் வழி எக்கோ நேரத்தை, அதாவது துடிப்பு அனுப்புவதற்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் இடையிலான நேரத்தை, நீட்டுவது. முதல் அளவீடுகள் 35 மில்லிவினாடியில் எடுக்கப்பட்டவை. லாக்டேட்டின் இரு ஹைட்ரஜன் குழுக்கள் ஒன்றையொன்று பாதிப்பதால், 144 மில்லிவினாடியில் அதன் முகடு தலைகீழாகும். 288-இல் மீண்டும் நிமிரும். கொழுப்பு அப்படிப் புரளாது. நேரம் நீள நீளத் தேய்ந்து மறையும். மருத்துவமனைகளில் பழக்கமானது 144. மாணவியும் அதையே எடுக்க விரும்பினார். நான் தயங்கினேன். 3 டெஸ்லாவில் அந்த எண்ணுக்கு ஒரு தனிக் கேடு உண்டு.

புட்டிச் சோதனை

ஒரு குழாயில் சோடியம் லாக்டேட் கரைசல். மற்றொன்றில் சிற்றுண்டிச் சாலையில் வாங்கிய செம்பனைச் சமையல் எண்ணெய். இரண்டையும் எலி படுக்கும் அதே அரைக்குழாயில் வைத்து, அதே 4 மில்லிமீட்டர் கனசதுரத்தில், மூன்று எக்கோ நேரங்களிலும் அளந்தோம்.

எண்ணெய் எதிர்பார்த்தபடி நடந்தது: 35-இல் 1.3-இல் பெரிய முகடு, 0.9-இல் தோள், பிறகு தேய்வு. எலிகளில் கண்ட வடிவத்தோடு அது எவ்வளவு ஒத்திருந்தது என்பதைத் திரையில் பார்த்ததும் மாணவி எழுந்து நின்றுவிட்டார்.

லாக்டேட் புட்டிதான் முக்கியமான பாடத்தைத் தந்தது. கரைசலில் காந்தப்புலம் சீராக இருந்ததால் இரட்டைப் பிளவு அழகாகத் தெரிந்தது. 144-இல் முகடு தலைகீழானது உண்மை. ஆனால் அதன் உயரம் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. 288-இல் நிமிர்ந்தபோது அதைவிடப் பெரிதாக இருந்தது. நேரம் நீண்டால் சமிக்ஞை குறைய வேண்டும், இங்கே கூடியது.

காரணம் இதுதான். கனசதுரத்தைத் தேர்ந்தெடுக்கும் ரேடியோ துடிப்புகள் அதிர்வெண்ணை வைத்தே இடத்தைக் குறிக்கின்றன. லாக்டேட்டின் ஒரு குழு 1.33-இலும் மற்றது 4.1-இலும் அதிர்வதால், 3 டெஸ்லாவில் அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 355 ஹெர்ட்ஸ் வித்தியாசம். எனவே ஒரு குழுவுக்குக் குறித்த கனசதுரம் மற்றதற்கு விலகி விழுகிறது. எங்கள் இயந்திரத்தின் துடிப்பில் அந்த விலகல் பக்க அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். இரண்டு குழுக்களும் சேர்ந்து துடிப்பைப் பெற்ற பகுதியில் முகடு தலைகீழாகிறது. ஒன்று மட்டுமே பெற்ற பகுதியில் அப்படி ஆவதில்லை. நிமிர்ந்ததும் கவிழ்ந்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. 288-இல் பெரும்பாலும் ஒரே திசையில் நிற்பதால் கழிவு மிகக் குறைவு.

புட்டியில் பாதிக்கும் கீழே போன சமிக்ஞை, எலியின் மூளையில் இரைச்சலுக்குள் முழுகிப்போயிருக்கும். நேராக எலிகளில் 144 எடுத்திருந்தால், “லாக்டேட் இல்லவே இல்லை, எல்லாம் கொழுப்பு” என்ற அடுத்த தவறான முடிவுக்குக் குழு போயிருக்கும். அது முதல் முடிவைவிட நம்பத்தக்கதாகவும் தோன்றியிருக்கும். பாடநூல் வழியில் வந்ததல்லவா!

மீண்டும் எலிகளில்

திருத்தத்துக்கு அனுமதி வந்தபோது முதல் தொகுதியில் ஏழு எலிகள் உயிரோடு இருந்தன. அவற்றில் ஒன்றின் எடை அனுமதித்த எல்லையை நெருங்கிக் குறைந்திருந்தது. அதையும் ஒருமுறை அளந்துவிடலாமா என்று பேராசிரியர் கேட்டார். கால்நடை மருத்துவர் மறுத்தார். அன்றே அதன் வாழ்வு வலியின்றி முடிக்கப்பட்டது. ஒரு புள்ளி குறைந்தது. அந்த மறுப்பு சரியானது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

எஞ்சிய ஆறில் மூன்று சேர்மம் பெற்றவை, மூன்று பெறாதவை. 35, 288 ஆகிய இரண்டை மட்டும் எடுத்தோம். 144-ஐ விட்டதால் ஒவ்வொரு எலிக்கும் மயக்க நேரம் குறைந்தது. வரிசையைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தோம். வெந்நீர்த் தொட்டியின் வெப்பத்தை ரேடியோகிராஃபர் ஒவ்வொரு எலிக்கு முன்னும் சரிபார்த்தார். தோல் கொழுப்பு புகாதபடி மண்டையோட்டுப் பக்கத்தில், அங்கிருந்து வரும் சமிக்ஞையை அழிக்கும் அடக்குப் பட்டைகள் வைக்கப்பட்டன. எந்த எலி எந்தக் குழு என்பது முகடுகளைக் கணக்கிட்ட எனக்குத் தெரியாது.

அளவீடு முடிந்ததும், மயக்கம் கலையாமலேயே மூளை திரவ நைட்ரஜனால் உறையவைக்கப்பட்டது. லாக்டேட் ஏற அவகாசம் தராத முறை அது. கட்டியின் ஒரு பகுதி வேதிச் சோதனைக்கும், மற்றது கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்துக்கும் போயிற்று.

விளைவு

288 மில்லிவினாடியில் 0.9-இன் தோள் ஆறு எலிகளிலும் மறைந்திருந்தது. 1.3-இல் எஞ்சியது லாக்டேட். சேர்மம் பெறாத மூன்றிலும் அது தெளிவாக நின்றது. பெற்ற மூன்றில் இரண்டில் வெகுவாகச் சுருங்கியிருந்தது. மூன்றாவது எலியில் சுருங்கவில்லை. உறைந்த திசுவின் வேதிச் சோதனையும் இதே வரிசையைத் தந்தது.

சாயமிட்ட சீவல்களில், சேர்மம் பெற்ற கட்டிகளின் மடிந்த மையத்தை ஒட்டிய வளையத்தில் சிவப்புத் துளிகள் அடர்ந்திருந்தன. பெறாதவற்றில் ஆங்காங்கே மட்டும். ஆக, 35-இல் உயர்ந்த முகட்டின் பெரும்பகுதி கொழுப்புதான். தோலிலிருந்து வந்ததல்ல, கட்டிக்குள்ளேயே உண்டானது.

இதை வைத்துச் சேர்மம் பலித்தது என்று எழுத மாணவி விரும்பவில்லை. ஆறு எலிகள், அவற்றில் ஒன்று ஒத்துவராதது, முன்னைய அளவீடுகள் வரிசைப் பிழையால் ஒப்பிட முடியாதவை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் அளவீட்டு முறையைப் பற்றிய அத்தியாயமாக மாற்றி எழுதப்பட்டது. 144-இல் லாக்டேட் கழிபடும் வரைபடம் அதன் மையத்தில் இருக்கிறது. மானியத்தின் கால நீட்டிப்புக்குப் பேராசிரியர் இதையே ஆதாரமாக வைத்து விண்ணப்பித்தார், கிடைத்தது.

மாற்றப்பட்டவை

நிறமாலை அச்சு இனி எப்போதும் 0.5 வரை வரையப்படும். வார்ப்புரு திருத்தப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. லாக்டேட் என்று பெயரிட 35-உம் 288-உம் இரண்டும் வேண்டும். 0.9-இன் அளவும் தனியே பதிவாகும். செல் மடிவைப் பற்றி அது சொல்லும் செய்தியைக் குப்பையாக ஒதுக்கியிருந்தால் கட்டி வேதியியலின் பாதியை இழந்திருப்போம்.

வெப்பநிலை, மயக்கம் தொடங்கிய நேரம், ஐசோஃப்ளூரேன் விழுக்காடு ஆகியவை ஒவ்வொரு நிறமாலைக் கோப்போடும் சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. அந்தக் குறிப்பேட்டின் பத்திகளை அப்படியே படிவமாக்கினோம். ரேடியோகிராஃபரின் பெயர் கட்டுரை ஆசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. புட்டிச் சோதனை ஒவ்வொரு தொகுதிக்கும் முன் கட்டாயம்.

திருத்திய திட்டத்தில் இரண்டாம் தொகுதி 12-லிருந்து 8 எலிகளாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வோர் எலியும் சிகிச்சைக்கு முன் எடுத்த தன் அளவோடேயே ஒப்பிடப்படுவதால் அந்த எண்ணிக்கை போதும் என்று ஒழுங்குக் குழுவின் புள்ளியியலாளர் ஒப்புக்கொண்டார். லாக்டேட் சுருங்காத அந்த மூன்றாவது எலி குடித்த நீரின் அளவு யாராலும் பதிவு செய்யப்படவில்லை. சேர்மம் குடிநீரில் கலந்தே தரப்பட்டது. புதிய தொகுதியில் ஒவ்வோர் எலிக்கும் தனிக் கூடு, தனிப் புட்டி; தினமும் காலையில் புட்டிகள் எடை போடப்படும்.